போர்க்கால மாரியில் உணவு நிவாரணம்: திருகோணமலைத் தொண்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயில் மண்டபம், பள்ளிவாசல் வளவு, தேவாலய முற்றம், விளையாட்டுக் கழகக் கட்டடம் என்று பொதி கட்டும் இடம் எதுவானாலும், வரும் சந்தேகங்கள் ஒன்றுதான். 2004 சுனாமி, 2006 மூதூர், சம்பூர் இடம்பெயர்வுகள், மாரிக்கு மாரி வரும் வெள்ளம் என்று இந்த மாவட்டத்துக்குப் பழகிப்போன வேலை இது. ஆனாலும் புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதே இடங்களில்தான் தடக்குப்படுகிறார்கள். உக்ரேன் போன்ற குளிர்நாட்டுப் போர்களுக்கு உதவி சேர்ப்பவர்களும் கேட்பதால் அதற்கும் ஒரு பதில் உள்ளே இருக்கிறது.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு எண்டு கணக்குப் போடுறது?

அவசரகால நிவாரணத்தில் உலகெங்கும் எடுக்கும் அடிப்படை, ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோ கலோரி. பொருளாக மாற்றினால் அரிசி 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், சமபோஷ போன்ற சத்துமா 50 கிராம், சீனி 15 கிராம், அயடீன் உப்பு 5 கிராம். அரிசி மட்டுமே 1,400க்கு மேல் தந்துவிடும். எண்ணெய் பார்வைக்குக் கொஞ்சம்தான், ஆனால் அந்த 25 கிராமில் 220 கிலோ கலோரி இருக்கிறது. விலை கூடிவிட்டது என்று முதலில் வெட்டப்படுவதும் எண்ணெய்தான். வெட்டாதீர்கள்.

நான்கு பேருக்கு ஒரு கிழமைக்கு அரிசி 11.2 கிலோ, பருப்பு 1.7 கிலோ, எண்ணெய் முக்கால் லீற்றர், சத்துமா 1.4 கிலோ, சீனி 420 கிராம், உப்பு 140 கிராம் வரும். மொத்தம் ஏறக்குறைய 15.5 கிலோ. சுண்டால் அளந்து கட்டாதீர்கள். ஒருவர் குவித்து அளப்பார், ஒருவர் தட்டி அளப்பார். பக்கத்து வீட்டுப் பொதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது சண்டை வரும். தராசு ஒன்றுக்குச் செலவழியுங்கள்.

5 கிலோ அரிசி குடுத்தா ஒரு குடும்பத்துக்கு ஒரு கிழமைக்குக் காணும்தானே?

காணாது. மேலே சொன்ன கணக்கில் நான்கு பேர் நாளொன்றுக்கு 1.6 கிலோ அரிசி சமைப்பார்கள். 5 கிலோ மூன்றாம் நாள் இரவோடு முடிந்துவிடும். ‘ஒரு வாரத்துக்கான நிவாரணம்’ என்று பதாகை கட்டிவிட்டு இதைக் கொடுப்பதுதான் மிகப் பரவலான பிழை. அந்தப் பதாகையைப் பார்க்கும் அடுத்த குழு ‘இவர்களுக்குக் கிடைத்துவிட்டது’ என்று வேறு ஊருக்குப் போய்விடும்.

காசு குறைவென்றால் அளவைக் குறைக்காமல் நாளைக் குறையுங்கள். பொதியிலேயே ‘4 பேர், 3 நாள்’ என்று எழுதி, அடுத்து எப்போது வருவீர்கள் என்பதையும் சொல்லிவிட்டால் வீட்டுக்காரர் அதற்கேற்ப ஆக்குவார். இன்னொரு வசதியான முறை இரண்டு ஆள் பொதி. ஒரு கிழமைக்கு அது 8 கிலோவுக்குள் அடங்கும், வயதான அம்மா ஒருவராலும் தூக்க முடியும். ஆறு பேர் குடும்பத்துக்கு மூன்று பொதி. ஐந்து பேர் என்றாலும் மூன்றே கொடுங்கள். ஒற்றைப்படைக்காகப் பொதியைப் பிரிக்கத் தொடங்கினால் வேலை முடியாது.

பொதிக்குள்ள என்ன போடலாம், என்ன போடக்கூடாது?

அரிசியில் புழுங்கல் நல்லது, நாட்டரிசியோ சம்பாவோ. சாக்கில் நசுங்கினாலும் பச்சையரிசி அளவுக்கு உடையாது. பருப்பில் மைசூர்ப் பருப்பு. அரை மணித்தியாலத்துக்குள் அவிந்துவிடும். கடலையை இரவே ஊறப்போட்டு, பிறகும் நெடுநேரம் எரிக்க வேண்டும். முகாமில் ஊறப்போட ஒரு மேலதிகப் பாத்திரம் இருக்காது என்பதை மறந்துவிடுகிறோம்.

கோதுமை மா ஈரம் இழுத்துக் கட்டிபடும். ரொட்டிக்குத் தேங்காயும், புட்டுக்கு நீத்துப்பெட்டியும் வேண்டும், ஆகவே மாவை அரிசிக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். பெரிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் பொலித்தீனுக்குள் இரண்டு நாளில் அழுகி அரிசியையும் கெடுக்கும். முழுத் தேங்காய் கெடாது. கருவாடு மாரியில் பூஞ்சணம் பிடிக்கும், நெத்தலியை நன்றாகக் காயவைத்து ஒட்டி அடைத்தால் தாங்கும். டின்மீன் என்றால் வளையம் இழுத்துத் திறக்கும் வகையா என்று பாருங்கள். இறைச்சி டின் வேண்டாம். முஸ்லிம் வீடுகளில் ஹலால் கேள்வி வரும், சைவக்காரர் தொடமாட்டார்கள், ஒரு பொருளுக்காக இரண்டு பட்டியல் வைக்க வேண்டியிருக்கும்.

தேயிலை கட்டாயம். மழைக்குள் நனைந்து வந்து குந்தியிருப்பவருக்கு முதலில் தேவைப்படுவது சூடான தேத்தண்ணி. சவர்க்காரம், நுளம்புத்திரி, தீப்பெட்டியைத் தனிப் பையில் கட்டுங்கள், அரிசிக்குள் வைத்தால் வாசம் ஏறிவிடும். உரம் வந்த சாக்கைக் கழுவியும் பாவிக்கக் கூடாது.

சமைச்ச சாப்பாடா, உலர் உணவா? எது முதல்?

வந்து இறங்கிய முதல் இரண்டு மூன்று நாள் சமைத்த சாப்பாடு. சட்டி, அடுப்பு, தண்ணீர் ஓரளவு கைக்கு வந்ததும் உலர் உணவு. இரண்டையும் கலந்து இழுத்தடித்தால், வீட்டுக்காரர் தானே சமைக்கத் தொடங்குவதும் தள்ளிப்போகும்.

பார்சல் கட்டுகிறவர்கள் நேரத்தைப் பார்க்க வேண்டும். ஆக்கி இறக்கிய சோறு கறியை அப்படியே வைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். நகரத்தில் காலையில் கட்டிய பார்சல் வெருகலுக்குப் போய்ச் சேரும்போது என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் புளிப்பது தேங்காய்ப்பால் விட்ட கறிதான். தூரப் பயணத்துக்குச் சொதி, பால்கறி வேண்டாம். பருப்பைப் பால் விடாமல் வற்றவைத்துக் கட்டுங்கள். அதைவிடச் சிறந்தது, அரிசியையும் கிடாரத்தையும் அனுப்பி அங்கேயே ஆக்குவிப்பது.

விறகெல்லாம் நனைஞ்சு போச்சு, அரிசியைக் குடுத்து என்ன செய்யிறது?

இதைக் கேட்கும் குழு சரியான குழு. மாரியில் உலர் உணவு தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் எரிபொருள்தான். நான்கைந்து குடும்பத்துக்கு ஒரு பொது அடுப்பு, மேலே தறப்பாள், நிலத்தில் இரண்டு வரிசைக் கல் உயர்த்தி மூன்று கல் அடுப்பு. இதற்கே பாதிப் பிரச்சினை தீரும். பொதியோடு ஒரு சாக்குச் சிரட்டை கொடுங்கள். சிரட்டையும் கொக்கறையும் பாளையும் நனைந்த வேலிக்கட்டையைவிட நன்றாகப் பிடிக்கும்.

போர்க்காலத்தில் விறகுக்கு இன்னொரு முகமும் உண்டு. விறகு பொறுக்கப் பற்றைக்குள் போகும் பெண்களும் சிறுவர்களும் கண்ணிவெடியிலும் வெடிக்காத எறிகணையிலும் சிக்குவது உண்டு. ஆட்கள் இல்லாமல் கிடந்த வளவுக்குள் யாரையும் விறகுக்கு அனுப்ப வேண்டாம்.

தண்ணீரும் நாங்கதான் குடுக்கணுமா?

குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் என்பது ஆகக் குறைந்த அளவு. போத்தல் தண்ணீரால் இதை எட்ட முடியாது. பவுசரும் தாங்கியும் வேண்டும், அது பிரதேச சபையோடும் நீர்வழங்கல் சபையோடும் பேச வேண்டிய விடயம். உங்கள் பங்கு மூடியுள்ள கலன். வீட்டுக்கு இரண்டு கொடுங்கள், ஒன்று அள்ளிவர, ஒன்று வைத்துக்கொள்ள. வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்துக் குளோரின் இடும்வரை கொதிக்கவைத்த தண்ணீர் மட்டுமே குடிக்கலாம்.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனிப் பொடி) கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் ஆறிய கொதிநீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து.

கைக்குழந்தைகளுக்குப் பால்மா சேர்த்து அனுப்பலாமா?

பொதியில் வேண்டாம். பலருக்கு இது மனம் ஒப்பாத பதில். ஆனால் அசுத்தத் தண்ணீரில், கழுவாத சூப்பிப் போத்தலில் கரைத்த பால் குழந்தையை வயிற்றோட்டத்தில் தள்ளும். இலவசமாக மா வந்ததும் தாய்ப்பால் குறையும், மா முடிந்ததும் இரண்டும் இல்லாமல் போகும். ‘பயத்தில் பால் வற்றிவிட்டது’ என்று சொல்லும் தாய்க்குத் தேவை மறைவான இடம், தண்ணீர், கூடுதல் சாப்பாடு, பிள்ளையை அடிக்கடி மார்பில் போடச் சொல்லித்தரும் குடும்பநல உத்தியோகத்தர். தாயை இழந்த குழந்தை இருந்தால் பொதி வழியாகப் போகாமல் நேரே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லுங்கள். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு முதல் பதிலில் சொன்ன சத்துமாவையும் கொடுக்கலாம்.

பட்டியல் யாரிட்ட எடுக்கிறது? கிராம அலுவலரிட்ட இருக்கிறதே போதுமா?

தொடங்குவது கிராம அலுவலரின் பட்டியலில்தான், பிரதேச செயலகத்துக்கும் தெரிய வேண்டும். மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. மூதூர்க்காரர் கிண்ணியாவில் தங்கியிருந்தால் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதே முதல் குழப்பம்.

பட்டியலில் விடுபடுபவர்கள் எப்போதும் ஒரே வகை ஆட்கள்: முகாமுக்கு வராமல் சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கியவர்கள். அந்த வீட்டில் ஐந்து பேருக்கு ஆக்கியதை இப்போது பன்னிரண்டு பேர் சாப்பிடுகிறார்கள். ஆகவே ஏற்றுக்கொண்ட வீட்டுக்கும் சேர்த்துக் கணக்கெடுங்கள். தனித்திருக்கும் முதியவர், மாற்றுத்திறனாளி, அடையாள அட்டை தொலைத்தவர், கணவர் காணாமற்போனதால் ‘குடும்பத் தலைவர்’ இடம் வெறுமையாக உள்ள பெண் ஆகியோரை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்து அக்காமாரிடம் கேட்டால் வீடு வீடாகச் சொல்வார்கள். இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, விநியோகத்துக்கு முதல் நாளே பொது இடத்தில் ஒட்டுங்கள். சண்டை வருவதானால் அன்றே வரட்டும்.

குடுக்கிற நாளில தள்ளுமுள்ளு வராம எப்பிடிச் சமாளிக்கிறது?

ஒரு குடும்பத்துக்கு இரண்டு நிமிடம் என்று வையுங்கள். 200 குடும்பத்துக்கு ஒரே மேசையில் ஆறரை மணித்தியாலத்துக்கு மேல் போகும். எல்லோரையும் காலை 8 மணிக்கு வரச் சொன்னால் தள்ளுமுள்ளு வராமல் என்ன செய்யும்? நான்கு மேசை போட்டு, இலக்கமிட்ட துண்டை முதல் நாளே கொடுத்து, துண்டில் நேரத்தையும் எழுதுங்கள். நுழைவு ஒரு பக்கம், வெளியேற்றம் மறுபக்கம். கர்ப்பிணிகளுக்கும் முதியவருக்கும் தனி வரிசை, இருக்கக் கதிரை, மேலே கூரை. நடக்க முடியாதவருக்கு இரண்டு பேர் ஒப்பமிட்டு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்; ‘யாரையாவது அனுப்புங்கோ’ என்றால் அந்த யாராவது பாதியை வைத்துக்கொள்வதும் நடக்கும்.

பொதியில் என்ன, எவ்வளவு என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். பக்கத்தில் தராசை வையுங்கள். யாரும் நிறுத்துப் பார்க்கலாம் என்றாலே முறைப்பாடு பாதியாகும். போர்ச் சூழலில் பெருங்கூட்டமே ஆபத்து என்பதால் சிறு சிறு இடங்களாகப் பிரித்து, இருட்டுமுன் ஆட்கள் வீடு சேரும்படி முடியுங்கள்.

ரோட்டில வெள்ளம். லொறி போகுமா, படகா?

ஏ15 வீதியில் கிண்ணியா, மூதூர் வழி முன்பு படகுத்துறையில் காத்திருந்து கடக்க வேண்டியிருந்தது. 2009இல் திறந்த 396 மீற்றர் கிண்ணியாப் பாலத்தோடு அந்தக் காலம் மாறத் தொடங்கியது. ஆனால் மகாவலி பெருகும்போது வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துத் தாழ்நிலம் தண்ணீருக்குள் போய்விடும். ஓடும் தண்ணீர் 15 சென்ரிமீற்றர் இருந்தாலே ஆளைச் சாய்க்கும், 60 சென்ரிமீற்றர் பெரும்பாலான வாகனங்களை இழுக்கும். முன்னே ஒருவர் தடியோடு நடந்து பார்க்கட்டும் என்பது பழைய வழக்கம், ஓட்டம் இருந்தால் அதையும் செய்யாதீர்கள். நின்ற தண்ணீருக்கு ட்ரக்டர் பெட்டி நல்லது. தரையில் பலகை, மேலே தறப்பாள், ஓரம் கட்டு.

படகென்றால் பாரத்தை நடுவிலும் தாழ்விலும் வையுங்கள், பொதி ஒவ்வொன்றையும் இரட்டைப் பொலித்தீனில் கட்டுங்கள், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி. வாடைக் காற்றில் கொட்டியாரக்குடாவைக் கடக்கலாமா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் மீனவர், நன்கொடையாளர் இல்லை. வெள்ளத்தில் இறங்கும் தொண்டர்கள் சப்பாத்துப் போட வேண்டும். எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

சாக்கு நனைஞ்சிட்டுது. காயவைச்சுக் குடுக்கலாமா?

கூரை ஒழுகி ஓரம் மட்டும் நனைந்த அரிசியை அன்றே பிரித்துக் காயவைத்து முதலில் சமைத்துவிடலாம். வெள்ளத்தண்ணீர் தொட்ட அரிசி, மா, பருப்பு, சீனி எதையும் கொடுக்கக் கூடாது, மணம் வராவிட்டாலும். நசுங்காத, உப்பாத டின் என்றால் சுற்றுத்தாளைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளோரின் நீரில் துடைத்து, பெயரைத் திரும்ப எழுதிக் கொடுக்கலாம்.

களஞ்சியத்தில் பலகைத் தட்டின்மேல் அடுக்குங்கள், சுவரோடு ஒட்டாமல் ஆள் நடக்க இடம் விடுங்கள். சுவரில் சாய்ந்த சாக்கு மழைக்கு வேர்க்கும், பின்னால் எலி குடும்பம் நடத்தும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். புதிய சாக்கைப் பழையதன்மேல் போட்டுவிட்டுப் பிறகு அடியில் வண்டு என்று அழுவதில் பயனில்லை.

குளிருக்குக் கூடச் சாப்பிடணுமாமே? உக்ரேனுக்கும் இதே பொதி சரிவருமா?

20 பாகைக்குக் கீழே ஒவ்வொரு 5 பாகைக்கும் ஆளுக்கு 100 கிலோ கலோரி கூட்டுவது வழக்கம். பூச்சியப் பாகையில் அது 400, அதாவது 45 கிராம் எண்ணெய். கூட்டுவதற்கு இலகுவான வழியும் கொழுப்புத்தான். திருகோணமலையில் மார்கழி இரவிலும் 20க்குக் கீழே இறங்குவது அபூர்வம், எனவே இங்கே கணக்கு மாறாது. ஆனால் ஈரமும் காற்றும் சேர்ந்தால் கதை வேறு. 2022 மார்கழியில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கு கிழக்கில் மாடுகள் கூட்டமாகச் செத்தன. நனைந்த உடுப்போடு இருக்கும் முதியவருக்கும் குழந்தைக்கும் பாயும் போர்வையும் உணவோடு சேர்ந்தே போக வேண்டும்.

உக்ரேனில் பிரச்சினையே வேறு. 2022 ஒக்டோபரிலிருந்து ரஷ்யா மின் நிலையங்களைத் தொடர்ந்து தாக்கியதால், உறைபனியில் மின்சாரமும் சூடாக்கியும் இல்லாத மாடிவீடுகளில் முதியவர்கள் தனித்து இருந்தார்கள். அங்கே சமைக்காமல் சாப்பிடக்கூடியது வேண்டும்: பாண், டின் உணவு, பிஸ்கட், சூடான சூப். மின்தூக்கி ஓடாததால் பொதி சிறிதாக இருக்க வேண்டும், வாசல்வரை தூக்கிப்போக ஆள் வேண்டும். கண்ணாடிப் போத்தல் உறைந்து வெடிக்கும், டின் உறைந்தால் தையல் விடும். நம் தேங்காய் எண்ணெய் 24 பாகையிலேயே கட்டியாகிவிடும் என்பதை நுவரெலியாக்காரரிடம் கேளுங்கள். இங்கிருந்து பொருள் அனுப்பவே வேண்டாம். கப்பல் செலவு பொருளை விழுங்கும். அங்கே வேலை செய்யும் நம்பகமான அமைப்புக்குக் காசு போகட்டும்.

அமைப்பின்ர பெயர் போட்ட ரீசேட் போட்டா பாதுகாப்புத்தானே?

அதை மட்டும் நம்பாதீர்கள். 2006 ஆகஸ்டில் மூதூரில், பட்டினிக்கு எதிராக வேலை செய்யும் பிரெஞ்சு அமைப்பின் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் தங்கள் அலுவலக வளாகத்திலேயே கொல்லப்பட்டார்கள். அமைப்பின் ரீசேட் அணிந்தபடிதான் கிடந்தார்கள்.

பாதுகாப்பு என்பது போகும் முன்பே செய்யும் வேலை. எந்தப் பாதையில், எத்தனை மணிக்கு, எந்த வாகனம் என்று போரிடும் இரண்டு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும், இரண்டு தரப்பின் ஒப்புதலும் வேண்டும். ஒன்று இல்லையென்றால் போகாதீர்கள். லொறியில் பொருட்பட்டியல், அளவு, வாகன இலக்கம், சாரதியின் அடையாள அட்டை இலக்கம் எல்லாம் மூன்று பிரதியாக, தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். பட்டியலில் இல்லாத ஒரு பொருளும் ஏறக்கூடாது. போர்க்காலத்தில் பற்றரி, சீமெந்து, எரிபொருள், உரம் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தன. யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் செருகிய டோர்ச் பற்றரிக்காக முழு லொறியையும் இறக்க வேண்டி வரும். ஆயுதம் தாங்கியவர் எவரையும், எந்தத் தரப்பானாலும், வாகனத்தில் ஏற்றக்கூடாது.

முதல் எங்கட ஆக்களுக்குக் குடுத்திட்டு மிச்சத்தை மற்றாக்களுக்குக் குடுத்தா என்ன?

தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மாவட்டம் இது. ஒரு ஊரைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போகும் லொறியை வழியில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்; அடுத்த முறை அந்தப் பாதை உங்களுக்கு அடைபடலாம். ஆனால் அது இரண்டாவது காரணம். பசி எங்கே அதிகமோ அங்கே முதலில் என்பதுதான் நிவாரணத்தின் விதி, அதை மாற்றினால் செய்வது வேறு வேலை.

படம் எடுக்காட்டி காசு தந்தவைக்கு என்ன காட்டுறது?

அடுக்கிய பொதிகள், தராசு, பொருள் வாங்கிய பற்றுச்சீட்டு, கையெழுத்துத் தாளின் எண்ணிக்கை இவற்றைக் காட்டுங்கள். கை நீட்டும் முகம் வேண்டாம். போர்ச் சூழலில் படம் ஆபத்தும் கூட: எந்த முகாமில் யார் இருக்கிறார், எத்தனை மணிக்குக் கூட்டம் சேர்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். இடக்குறிப்பை அணைத்துவிட்டு, வேலை முடிந்த பிறகே பதியுங்கள்.

நாங்க குடுத்த அரிசியைக் கடையில விக்கிறாங்களாமே?

விற்பார்கள். மூன்று குழு வந்து மூன்று முறை அரிசி கொடுத்த வீட்டில் மருந்துக்கும் மீனுக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் காசு இருக்காது. விற்பனையைத் திருட்டாகப் பார்க்காமல் உங்கள் பொதியில் எது கூடிவிட்டது, எது இல்லை என்பதற்கான தகவலாக எடுங்கள். பக்கத்தில் கடை திறந்திருந்து சாமானும் இருந்தால் பொதியைவிடக் காசோ கூப்பனோ நல்லது. கடையில் சாமான் இல்லாத, பாதை அடைபட்ட இடத்தில் காசு கொடுத்தால் விலைதான் ஏறும், அங்கே பொருள்தான்.

நாள்கணக்காப் பட்டினி கிடந்தவைக்கு உடனே வயிறாரச் சோறு போடலாமா?

கூடாது. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் உப்புகளின் சமநிலை குலைந்து இதயமே நிற்கலாம். மெல்லிய கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுத்தபடி வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே இருந்தாலோ, இரண்டு பாதத்திலும் வீக்கம் இருந்தாலோ அது பொதி கொடுக்கும் விடயம் இல்லை. வைத்தியசாலைக்கு உடனே போக வேண்டும்.

கடைசியில 20 பொதி மிஞ்சினா, இல்லாட்டிக் குறைஞ்சா?

குறைந்தால் பொதியைப் பிரித்துப் பங்கிடாதீர்கள். வரிசையில் மிஞ்சியவர்களின் பெயரை எழுதி, இலக்கத் துண்டில் புதிய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள், அந்தத் தேதியில் அவர்களிடம்தான் முதலில் போக வேண்டும். மிஞ்சினால் ஏன் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் துண்டு வாங்கிய 20 குடும்பம் வரவில்லை என்பதே காரணம். வெள்ளமா, காய்ச்சலா, சோதனைச்சாவடியா, வேறு ஊருக்குப் போய்விட்டார்களா என்று அன்று மாலையே விசாரியுங்கள். அதுவரை பொதிகள் எண்ணப்பட்டு, கிராம அலுவலரின் கையெழுத்தோடு களஞ்சியத்துக்குத் திரும்ப வேண்டும். லொறியைச் சுற்றி நிற்பவர்களுக்கு அள்ளிக் கொடுத்தால் அடுத்த முறை துண்டு இல்லாதவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள்.